திரையில் கோடு வந்த ஞாயிற்றுக்கிழமை

நான் ஏழாம் வகுப்பைத் தாண்டாதவள். இன்று நாமக்கல்லில் எனக்கு மூன்று செல்போன் கடைகள். பட்டம் வாங்கின பிள்ளைகள் என் கையால்தான் சம்பளம் வாங்குகிறார்கள். கோளாறைக் கண்டுபிடிக்கிற மூளை எனக்குப் பிறவியிலேயே உண்டு. சந்தேகமிருந்தால் கொல்லிமலையில் நடந்ததைக் கேளுங்கள்.

அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன பிறகு கொல்லிமலைச் செம்மேட்டில் சித்தப்பாவோடு இருந்தேன். அவர் மிளகு வாங்கும் ஆபீசில் கணக்கர். ஞாயிறு காலையில் அம்மா அந்த ஆபீஸ் போனுக்குக் கூப்பிடுவாள். அதற்காக நான் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு போவேன்.

பிறகு போன் வருவது நின்றது. காரணம் என் கண்ணெதிரே இருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர் அதே போன் லைனில்தான் நாமக்கல் ஆபீசோடு பேசும். அங்கே எல்லாவற்றையும் யூனிகோடு என்ற புது எழுத்துமுறைக்கு மாற்றிவிட்டார்களாம். இங்கே கறுப்புத் திரையில் மிளகுக் கணக்கைச் சுற்றிக் கட்டம் நிற்க வேண்டிய இடமெல்லாம் தொப்பி போட்ட ஆங்கில எழுத்தும் ஏதேதோ குறிகளும். சித்தப்பா ஞாயிறு காலை முழுக்க லைனைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“அம்மா கூப்புட்டா எங்கேஜ்னுதானுங்க சித்தப்பா வரும்?”

“ஆமா கண்ணு. இந்தக் கோடு ஒழுங்கா வந்துட்டா லைனை விட்றலாம். என்ன பண்றது?”

நான் பண்ணினேன். தொப்பி எழுத்தில் தொடங்கி மும்மூன்றாக வருவதை முதலில் கண்டேன். ஒரு கோட்டுத்துண்டைத் திரை மூன்றாக உடைத்துப் படிக்கிறது! அவர் டீ குடிக்கப் போனபோது செட்டிங்கைத் திறந்தேன். உள்ளே எழுத்துமுறைகளின் பெயர்கள், ஒரு நீளமான பட்டியல். ஒவ்வொன்றாக மாற்றி, கணக்கை மறுபடி வரவழைத்தேன். எட்டு என்று முடிகிற பெயரை வைத்ததும் மூலைக்கு மூலை பிசிறில்லாமல் கட்டங்கள் எழுந்து நின்றன.

“சித்தப்பா, கோடு வந்திருச்சுங்க! லைனை விடுங்க!”

டீ கிளாசோடு வாசலிலேயே நின்றார்.

“கெட்டிக்காரி சாமி நீ,” என்றார். முகத்தில் சந்தோஷமே இல்லை. “இரு, இன்னொருக்கா பாத்துக்கலாம்.”

“அதெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது.”

லைனை நானே துண்டித்தேன். பொழுது சாயும்வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அது அடிக்கவில்லை. சித்தப்பாவும் சாப்பிடப் போகாமல் எதிரிலேயே இருந்தார்.

அம்மா திருப்பூரில் வேறு கல்யாணம் செய்துகொண்டது அவருக்கு அப்போதே தெரியும். வார நாட்களில் அந்தத் திரையில் கோடுகள் ஒழுங்காகத்தான் இருந்தனவாம். ஞாயிறு காலையில் மட்டும் அவரே செட்டிங்கைக் கலைத்து வைப்பாராம். இதெல்லாம் எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று.

அன்றைக்கு அவரைப் பார்த்து எனக்கு இளக்காரமாகத்தான் இருந்தது. ஒரு பட்டியலைத் திறந்து பார்க்கத் தெரியவில்லையே, இவரெல்லாம் ஒரு கணக்கரா என்று.