சும்மா சுற்றிய எஞ்சின்

குடவாசலில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு தொலைபேசியில் மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. வெளிநாட்டில் ஆஸ்பத்திரியிலோ போலீஸ் ஸ்டேஷனிலோ ஆங்கிலம் தெரியாத தமிழர் யாராவது நின்றால், ஏஜென்சி என்னை இணைப்பில் சேர்க்கும். அவர் பேசுவதை ஆங்கிலத்திலும் அவர்கள் பேசுவதைத் தமிழிலும் சொல்ல வேண்டும். சொந்தக் கருத்து எதையும் சேர்க்கக் கூடாது. முடிந்ததும் குறிப்புத் தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

அன்றைக்கு வந்தது ஒரு விபத்து விசாரணை. வெளிநாட்டு விமான நிலையத்தில் விமானங்களைத் துடைக்கும் வேலையில் இருந்த ஒருவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர் வீட்டிலிருந்தே வீடியோவில் பேசினார். அந்தப் பக்கம் விசாரணை நடத்தும் பெண் அதிகாரியும் ஓர் எஞ்சினியரும் இருந்தார்கள். தெருவை ஒட்டிய வயலில் குறுவை அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

நடந்ததை அவர் நிதானமாகச் சொன்னார். எஞ்சின் வாயைத் துடைக்கும்போது கையிலிருந்த துணி விசிறித் தகடுகளுக்குள் போய்விட்டது. எடுக்கக் கையை விட்டார். விசிறிக்குப் பின்னால் அசையாத தகடுகள் இன்னொரு வரிசை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் விரல்கள் மாட்டிக்கொண்டன.

கையை விட்டபோது எஞ்சின் எப்படி இருந்தது என்று அதிகாரி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"சும்மா சுத்திக்கிட்டு இருந்துச்சுங்க மேடம்."

சும்மா என்பதற்கு ஆங்கிலத்தில் சரியான ஒரு சொல் கிடையாது. எஞ்சின் சும்மா சுற்றுகிறது என்றதும் என் வாயில் ஐட்லிங் என்று வந்துவிட்டது. கியர் போடாமல் கார் ஓடிக்கொண்டே நிற்பதற்கு எல்லோரும் சொல்கிற சொல்தான்.

எஞ்சினியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐட்லிங் என்றால் உள்ளே எரிபொருள் எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்படி ஓடும் எஞ்சினின் வாய்ப்பக்கம் போனால் ஆளையே உள்ளே இழுத்திருக்கும், விரலோடு போயிருக்காது, இவர் சொல்வதை நம்ப முடியவில்லை என்றார். அதையும் மொழிபெயர்க்க வேண்டியது என் கடமை. மொழிபெயர்த்தேன்.

விரல் போனவரின் முகம் சுருங்கியது. "நான் எதுக்குங்க பொய் சொல்லப் போறேன்? எஞ்சின ஆஃப் பண்ணி ரொம்ப நேரம் ஆச்சு. சுத்துனது காத்துக்குங்க. நான் மின்ன ரைஸ்மில்லுல இருந்தேன். கரன்ட் இல்லாதப்பகூட செவத்துல இருக்கற எக்ஸாஸ்ட் ஃபேன் காத்துக்குச் சுத்தும்ல, அது மாதிரி. ஒரு கையால அதப் புடிச்சு நிறுத்திட்டுத்தான் இன்னொரு கைய விட்டேன். காத்து வேகமா அடிச்சதுல புடிச்ச கை வழுக்கிடுச்சு."

ஐட்லிங் என்றது என் தவறு என்று புரிந்தது. இப்போது சொன்னதை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் முதலில் ஒன்று சொல்லி, மாட்டிக்கொண்டதும் மாற்றிச் சொன்னார் என்றுதான் பதிவாகும். மொழிபெயர்ப்பாளராக என் தவறு ஒன்றைத் திருத்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். முதல் பதிலில் எஞ்சின் ஓடியதாக அவர் சொல்லவில்லை, அந்தச் சொல் என்னுடையது என்றேன். பிறகு ரைஸ்மில் விசிறியைச் சொன்னேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். எஞ்சினியர், "விண்ட்மில்லிங்" என்றார்.

நான் கேள்விப்படாத சொல். காற்றாலை என்று சொல்லிவிட்டுப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. விளக்கும்படி கேட்டேன். அணைத்துவிட்ட ஜெட் எஞ்சினின் விசிறியைக் காற்றே சுழற்றுவதுதான் அது. பறக்கும்போது நின்றுபோன எஞ்சினிலும் நடக்கும், தரையில் நிற்கும் விமானத்திலும் நடக்கும். அதனால் யாரையும் அதில் கை வைக்க விடும் முன் விசிறியைப் பட்டை போட்டுக் கட்டியிருக்க வேண்டும் என்றார் எஞ்சினியர்.

"கட்டியிருந்தாங்களா?" என்று அதிகாரி கேட்டதை ஊர்க்காரரிடம் தமிழில் கேட்டேன்.

"இல்லைங்க. கட்டணும்னே யாரும் சொல்லலைங்க."

"முதல்ல நீங்க சொன்னத நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்று தமிழில் சொல்லி, அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"இப்ப சரியாச் சொல்லிட்டீங்கள்ல?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, சரிபார்க்கிற தொனிதான் இருந்தது.

இயந்திரம் சம்பந்தமான விசாரணைகளைக் கொஞ்ச காலத்துக்கு எனக்குத் தர முடியாது என்று ஏஜென்சியிலிருந்து மறுநாள் மெயில் வந்தது. நான் மறுத்து எழுதவில்லை.

சில வாரம் கழித்து அந்த விசாரணையின் தீர்ப்பு வந்தது. விவரம் தெரிந்தவள் என்பதால் அதைத் தமிழாக்கும் வேலையை எனக்கே அனுப்பினார்கள். விண்ட்மில்லிங் வந்த இடங்களில், 'அணைந்த எஞ்சின் காற்றால் சுழலுதல்' என்று எழுதினேன். நீளமாக இருக்கிறது, காற்றாலை ஓட்டம் என்று வைக்கலாமே என்றார் சரிபார்ப்பவர். ஓட்டம் என்று எழுதினால் எஞ்சின் மறுபடியும் ஓடத் தொடங்கிவிடும் என்று பதில் போட்டேன். நான் எழுதியபடியே விட்டுவிட்டார்.

தீர்ப்பை விரல் போனவருக்குப் போனில் படித்துக் காட்டுவதும் என் வேலையாக இருந்தது. விசிறியைக் கட்டாததும் பயிற்சி தராததும் நிறுவனத்தின் குற்றம், நஷ்ட ஈடு தர வேண்டும். துணியைத் தானே எடுக்கப் போகாமல் மேற்பார்வையாளரை அவர் கூப்பிட்டிருக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை மட்டும் நான் வேகமாகப் படித்துவிட்டேன் போலிருக்கிறது.

"அத இன்னொரு தரம் படிங்க."

படித்தேன்.

"அதுவும் சரிதாங்க. ஆனா அந்த சூப்பர்வைசர் அன்னைக்கி வரவே இல்ல. அத யாரும் கேக்கலையே."

உண்மைதான், யாரும் கேட்கவில்லை. நாற்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்ற கடைசிப் பத்தியைப் படித்தேன். அவர் வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். யாரிடம் சொல்வது என்று கேட்டார். என்னிடம் இல்லை என்று சொல்லி, தீர்ப்பில் இருந்த முகவரியை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் இடது கையால் எழுதிக்கொண்டதால் நேரமானது.