கலியபெருமாள் மாமாவின் இறகுத் தூண்டில்

அக்கா வீட்டுக்காரர் கலியபெருமாள் மாமா இறந்துவிட்டார் என்று அக்கா மகள் போன் செய்தபோது கடலூரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடமும் விசாரித்துவிட்டுத்தான் சிதம்பரம் பஸ் ஏறினேன். என் புத்தி அப்படி.

மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கடை முன்பெல்லாம் மே மாதத்தில் பத்து நாள் பூட்டிக் கிடந்தது, இன்று அவர் காரியத்துக்குக் கூடியிருக்கும் உங்களுக்குத் தெரியும். நீலகிரி ஏரியில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போய்விடுவார். சேவல் இறகைத் தூண்டில் முள்ளில் நூலால் சுற்றிப் பூச்சி போலாக்கி, தண்ணீர்மேல் வீசிப் பிடிப்பாராம். பிடித்ததை விட்டுவிடுவாராம். பிச்சாவரமும் வீராணமும் பக்கத்திலேயே இருக்க, மீனுக்காக மலையேறும் ஆளை எப்படி நம்புவது? அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று அக்காவிடமே சொன்னேன். "போய்ப் பாத்துட்டுதான் வாயேன்டா" என்று சிரித்தாள்.

போனேன். "வா மச்சான், உளவு பாக்கத்தான வர்ற" என்றார் மாமா. கோபமே இல்லை. விடுதிக்காரர், டீக்கடைக்காரர் எல்லோரையும் தனித்தனியாக விசாரித்தேன். எல்லோரும் அவரைப் பற்றி ஒரே மாதிரி நல்லதாகச் சொன்னதில் சந்தேகம் ஜாஸ்தியானது.

ஏரியில் விடிந்ததிலிருந்து வீசினார். ஒன்றும் கடிக்கவில்லை. "அவசரப்படாத மச்சான். அது நம்மள நம்பணும்ல."

இறகை எந்த மீன் தின்னும்? அவர் டீ குடிக்கப் போனதும், டப்பாவில் ரகசியமாகக் கொண்டுபோயிருந்த உப்பு இறாலை முள்ளில் குத்தி நானே வீசினேன். உடனே மீன் மாட்டியது. என் கூச்சல் கேட்டு மாமா ஓடி வந்தார். பின்னாலேயே ஏரிக் காவலரும் வந்து மீனின் வாயைத் திறந்தார். அந்த ஏரியில் இறகு முள் தவிர வேறு எதுவும் போடக் கூடாது.

"இறால் வச்சது யாரு?"

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். "நாந்தாங்க" என்றார்.

அவருடைய அனுமதிச் சீட்டு அங்கேயே பறிபோனது. பிறகு கிடைக்கவே இல்லை. திரும்பும் வழியில், "அக்காகிட்டயும் நாந்தான்னே சொல்லிக்கறேன். அவ உன்ன சும்மா வுடமாட்டா" என்றார். அதன்பின் ஒவ்வொரு மே மாதமும் கடையிலேயே உட்கார்ந்து, துடைத்த கண்ணாடிகளையே துடைத்துக்கொண்டிருந்தார். எதற்காக என்னைக் காப்பாற்றினார், என்றைக்குச் சொல்லிக்காட்டுவார் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். அவர் கடைசிவரை சொல்லிக்காட்டவில்லை.

மாமாவை எடுத்த அன்று துக்கத்துக்கு வந்த ஒருவர், "நல்ல மனுசன்தான், எறால் வச்சி ஏமாத்தப் போயி மாட்டிக்கிட்டாரு" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அவர் கட்டிய இறகு முட்களை அக்கா கொடுத்தாள். வாங்கவில்லை. மாமாவிடமிருந்து எனக்குச் சேர வேண்டியது, எனக்காக அவர் சுமந்த கெட்ட பெயர் ஒன்றுதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன். அக்கா, இறாலைக் குத்தியது நான்.