பொடக்காளி

நொய்யல் கரையில், ஆற்றுப்படுகையிலிருந்து இருபதடி உயர மண்மேட்டில் எங்கள் பழைய வீடு நிற்கிறது. பின்சுவரில் பாதி இல்லை. அடியில் மண் அரித்துப்போய், சமையலறைத் தரை வெளியே நீட்டிக்கொண்டு தொங்குகிறது. அதை இடித்துவிட்டு, சாலைப் பக்கமாகத் தள்ளிப் புது வீடு கட்ட இன்ஜினியர் வரைபடம் கொடுத்துவிட்டார். கடைக்கால் போடுவதற்கு முன் எனக்கு ஒரு காரியம் பாக்கியிருந்தது.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து ஆண்டுகள் இருக்கும். தென்மாவட்டத்திலிருந்து வந்த ஒரு தம்பதியை அங்கே குடிவைத்தேன். கணவர் சாயப்பட்டறையில் இருந்தார். மனைவிக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங். நாள் முழுக்க நின்றுகொண்டே துணியில் ஓட்டையும் கறையும் பார்க்கும் வேலை. மாதம் முதல் தேதி டேப்புடன் போய், பின்சுவரிலிருந்து மேட்டின் விளிம்புவரை அளந்து டைரியில் எழுதுவது என் வழக்கம். மழைக்கு மழை மேடு கரைந்து வந்தது. அவர்கள் வந்தபோது பதினோரடி.

சாமான் இறக்கிய அன்றே அந்தம்மாவிடம், "பொடக்காளிப் பக்கம் மட்டும் போயிராதீங்க" என்றேன். அவர் முகம் மாறியது, தலையாட்டினார். சொல்லியாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் போனால், விளிம்பருகே ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. பக்கத்தில் அகல் விளக்கு. அந்தம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அண்ணே, பொடக்காளி ரொம்பத் துடியான சாமியோ?"

எங்கள் பக்கத்தில் பொடக்காளி என்றால் வீட்டின் பின்புறம், அவ்வளவுதான். அவர் காதில் அது காளியாக விழுந்திருக்கிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆமாங்க என்றேன். வீட்டில் சொல்லிச் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. போய் விளக்கிவிட்டு வரச் சொன்னாள். பயமிருந்தால் அந்தப் பக்கம் போகமாட்டார் என்று சமாதானம் சொன்னேன். பயந்ததால்தான் அவர் வெள்ளிக்கிழமைதோறும் போனார். அதுவும் எனக்குத் தெரியும். எட்டடி, ஆறரை, நாலேகால் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை, விளக்கேற்றக் குனிந்தவரோடு மேடு சரிந்தது. இடுப்பெலும்பு முறிந்தது. நின்று பார்க்கும் வேலைக்கு அவரால் திரும்ப முடியவில்லை. வீட்டைப் பூட்டியதும் அன்றுதான்.

போன மாதம் அவர்கள் இப்போதிருக்கும் லைன் வீட்டுக்குப் போனேன். புது வீட்டில் அவர்களே இருக்க வேண்டும் என்றேன். அந்தம்மாவுக்குச் சந்தோஷம். உயிரைக் காப்பாற்றியது காளிதான், அவளுக்கு அங்கே ஒரு மாடம் வையுங்கள் என்றார். சரி என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். அந்தச் சரி நாக்குவரை வந்தது.

"இல்லீங்க. பொடக்காளிங்கறது சாமியில்லீங்க. ஊட்டுக்குப் பொறத்தால இருக்கற எடங்க."

கணவர் டிவியை நிறுத்தினார்.

"அன்னைக்கு நீங்க சிரிப்ப அடக்குனது எனக்குத் தெரிஞ்சிச்சுண்ணே. ஊர்விட்டு ஊர் வந்தவ கும்பிடுறதப் பாத்துச் சிரிக்கிறீகன்னு நெனச்சேன்." பிறகு, "அப்ப, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் யாருக்கு வெளக்கு வச்சேன்?" என்றார்.

நான் எழுந்துகொண்டேன். வாசல்வரை வந்த கணவர், அந்த இடத்துக்கு இனி வரமாட்டோம் என்று தணிந்த குரலில் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

கடைக்கால் போட நாள் கேட்டு இன்ஜினியர் இருமுறை போன் செய்துவிட்டார். நான் இன்னும் சொல்லவில்லை.