அத்தையின் கச்சேரியும் அப்பாவின் சால்வையும்

என் அத்தை என்ன வேலை பார்க்கிறாள் என்று எங்கள் வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். பியானோ வாசிக்கிறாள் என்பாள் அம்மா. அதெல்லாம் பழைய கதை, இப்போது மற்றவர்கள் வாசிக்க இவள் நடுவில் நின்று கையை ஆட்டுகிறாள் என்பார் சித்தப்பா. அது ஒரு வேலையா, கையை ஆட்டாவிட்டால் அவர்கள் வாசிக்க மாட்டார்களா என்று நான் கேட்டால், போய்ப் படி என்று விரட்டுவார்கள். அப்பா மட்டும் வாயே திறக்க மாட்டார். அத்தை பேச்சு வந்தாலே சட்டையை மாட்டிக்கொண்டு குன்னம் கடைவீதியில் இருந்த எங்கள் உரக்கடைக்குக் கிளம்பிவிடுவார்.

அத்தை அரியலூரில் விடுதியில் தங்கிப் படித்தவள். அந்தப் பள்ளியின் பிரேயர் ஹாலில் ஒரு பியானோ இருந்தது. மியூசிக் டீச்சர் சொல்லிக்கொடுக்க, இவள் பிடித்துக்கொண்டாள். திருச்சியில் கல்லூரிக்குப் போயும் விடவில்லை. கடைசியில் சென்னையில் ஓர் இசைப்பள்ளியில் இடம் கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அதே வாரத்தில்தான் ஜெயங்கொண்டத்து முந்திரித் தோப்புக்காரர் மகனுக்கு அவளைப் பரிசம் போட நாள் குறித்திருந்தார்கள். தாத்தா இல்லாத வீட்டில் அப்பா வைத்ததுதான் சட்டம். அத்தையை உள்ளறையில் வைத்து இரண்டு நாள் பூட்டிவிட்டார். மூன்றாம் நாள் சோறு வைக்கத் திறந்த நேரம் பார்த்து அவள் பஸ் ஏறிவிட்டாள். சென்னை, அங்கிருந்து ஜெர்மனி. ஒன்பது வருடம் அண்ணனும் தங்கையும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பூட்டிய கதையெல்லாம் நான் வளர்ந்த பிறகு அம்மா சொன்னது. பத்து வயதில் எனக்குத் தெரிந்தது, அத்தை சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போய் அப்பாவைத் தலைகுனிய வைத்துவிட்டாள் என்பது மட்டும்தான். அதனால் நான் முழுக்க முழுக்க அப்பா கட்சி.

அந்த வருடம், தான் படித்த அரியலூர்ப் பள்ளியின் ஆண்டுவிழாவுக்கு அத்தை இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வந்து வாசிக்கப்போகிறாள் என்று அழைப்பிதழ் வந்தது. உறையின் மேல் அப்பா பெயர் அத்தையின் கையெழுத்தில் இருந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் கடையைக்கூடத் திறக்காமல் கும்பகோணம் போய் அரக்குக் கரை போட்ட பட்டுச் சால்வை ஒன்று வாங்கி வந்தார். மன்னித்துவிட்டார் போலிருக்கிறது என்று அம்மா சித்தியிடம் கிசுகிசுத்தாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

விழா அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாங்கள் முதல் வரிசையில் இருந்தோம். சால்வை வைத்த தாம்பாளம் என் மடியில் இருந்தது. பக்கத்தில் கவுன்சிலர் ஒருவரும் ஆளுயர மாலையோடு தயாராக இருந்தார். எங்கள் ஊர்ப்பக்கம் யார் முதலில் சால்வை போர்த்துகிறார்கள் என்பது சாதாரண விஷயமில்லை, அதை வைத்து வருடக்கணக்கில் பேசாமல் இருப்பவர்கள் உண்டு. அப்பா மேடையைப் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்தபடி என்னிடம், "முடிஞ்சதும் சொல்லு. மொத ஆளா நாமதான் போவணும்" என்றார்.

அத்தை கறுப்புப் புடவையில் வந்தாள். முதலில் பியானோ முன்னால் உட்கார்ந்து வாசித்தாள். அது பிடித்திருந்தது. அப்புறம் எழுந்து, வந்திருந்த விருந்தாளிகள் அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையைத் தூக்கினாள், இருபது பேரும் வாசித்தார்கள். யாரும் பாடவில்லை. எது பல்லவி எது சரணம் என்று ஒரு மண்ணும் புரியவில்லை. பின்னால் ஒருவர் "பாட்டு எப்பங்க வரும்?" என்று கேட்டார்.

திடீரென்று எல்லாம் நின்றது. அத்தை கையை இறக்கிவிட்டாள். மேளமோ நாயனமோ, நின்றால் முடிந்தது என்றுதான் எனக்குத் தெரியும். கவுன்சிலர் வேறு மாலையைக் கையில் எடுத்துவிட்டார்.

"முடிஞ்சிருச்சுப்பா" என்றேன்.

அப்பா விருட்டென்று எழுந்தார். மண்டபமே கைதட்டியது. தாம்பாளத்தோடு நானும் பின்னாலேயே மேடைக்கு ஓடினேன். சத்தம் கேட்டுத் திரும்பிய அத்தை, அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அப்பா சால்வையை விரித்து அவள் தோளில் போர்த்தினார்.

அத்தை மெதுவாக, "இன்னும் ஒரு பகுதி பாக்கி இருக்குண்ணே. எறங்காத, இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மறுபடி வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு மானம் போயிற்று. நான்தான் அவசரப்பட்டுச் சொன்னேன், தண்டனை அப்பாவுக்கு. வயலின்காரர்களுக்கு நடுவில், உரக்கடை முதலாளி, கோவிலில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஊரைக் கூட்டி அண்ணனை அவமானப்படுத்துகிறாளே என்று அத்தையின் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அத்தை கையைத் தூக்கும்போதெல்லாம் சால்வை சரிந்து முழங்கையில் சிக்கியது. ஒரு தோளால் தள்ளிவிட்டுக்கொண்டே சமாளித்தாள். அப்பா ஓரடி முன்னால் வந்து அதைத் தோளில் ஏற்றிவிட்டார். மறுபடி சரிந்தது. மறுபடி ஏற்றிவிட்டார். மூன்றாவது தடவை, அதை அவள் மேலிருந்து உருவி எடுத்தே விட்டார். மடித்துத் தன் கையில் போட்டுக்கொண்டு பின்வாங்கினார். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பக்கவாட்டில் நின்ற எனக்கு அவள் முகம் தெரிந்தது. கண்ணீர் வழிய, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வீசிக்கொண்டிருந்தாள். சால்வை போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

நிஜமாகவே முடிந்த பிறகு அத்தை அப்பாவிடம் வந்து, "இப்பப் போத்தி வுடுண்ணே" என்றாள்.

"வேணாம்மா. கையத் தூக்க வுட மாட்டேங்குது" என்றார் அப்பா. அந்தச் சால்வையை அப்பா கொடுக்கவே இல்லை. வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டார்.

திரும்பும்போது வேனில் அம்மாவின் காதில், "அப்பாவுக்கு இன்னும் கோவம் போகலம்மா. போத்துன சால்வையவே திருப்பி வாங்கிட்டாரு. அத்தைய மன்னிக்கவே இல்ல" என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். முன் சீட்டில் அப்பா மடியில் சால்வையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

யார் யாரை மன்னிக்க வேண்டியிருந்தது என்பதே எனக்கு அன்று தெரியாது.