அண்ணன் ஊற்றிய அரை லிட்டர்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதம். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. தஞ்சாவூரிலிருந்து என் காரை நானே ஓட்டிக்கொண்டு போயிருந்தேன். எங்கள் தெருவில் சொந்தக் காரில் வந்து இறங்கிய முதல் பெண் நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா இறந்ததும் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, நாற்றுப் பறிக்கவும் கதிர் அறுக்கவும் கூலிக்குப் போனவர். அவர் வயலுக்குப் போனதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். நான் படித்துக் கல்லூரியில் வேதியியல் ஆசிரியை ஆனேன். அவரும் பின்னாளில் இரண்டு ஏக்கர் சொந்தமாக வாங்கினார். வாய்க்காலில் தண்ணீர் ஏறாத நாட்களில் இறைக்க ஒரு டீசல் என்ஜின் வைத்திருந்தார். அதன் எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அளவு பார்க்காமல் ஒரு நாளும் அதைக் கிளப்ப மாட்டார்.

என் கதை வேறு. கார் சர்வீஸுக்குப் போனபோது மினரல் ஆயிலா, சிந்தெடிக் ஆயிலா என்று கேட்டார்கள். இரண்டு நாள் இன்டர்நெட்டில் உட்கார்ந்து படித்துவிட்டு சிந்தெடிக்தான் என்று முடிவு செய்தேன். மினரல் என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது, சீக்கிரம் தளர்ந்துவிடும். சிந்தெடிக்கில் மூலக்கூறுகள் ஒரே சீராக இருக்கும், சூட்டைத் தாங்கும், நெடுநாள் உழைக்கும் என்று கல்லூரியில் சக ஆசிரியர்களுக்குப் பாடமே நடத்தினேன். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட பானட்டைத் திறந்து பார்க்கவில்லை. விலை கூடின எண்ணெய்தானே, அது பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன். அடுத்த சர்வீஸையும் இன்று நாளை என்று தள்ளிப்போட்டேன்.

காதுகுத்து முடிந்த மறுநாள் காலை நான் கிளம்ப வேண்டும். காரில் படிந்திருந்த நெல் தூசியைத் துடைக்கிறேன் என்று அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டு போனார். அரை மணி நேரம் கழித்துச் சிரித்த முகமாக வந்தார்.

“பாப்பா, ஒன் வண்டியில எண்ணெயே இல்ல. கம்பி காஞ்சி கெடக்கு. என்ஜினுக்கு வச்சிருந்ததுல அரை லிட்டர் ஊத்திவிட்டுருக்கேன். இனிமே நிம்மதியா போ.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் ஊற்றியது டீசல் என்ஜினுக்கு வாங்கிய சாதாரண மினரல் ஆயில். நான் தேடித் தேடி ஊற்றிய சிந்தெடிக்கில் அது போய்க் கலந்துவிட்டது. வாசலில் சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

“ஒங்க வயக்காட்டு என்ஜின்னு நெனச்சீங்களா அண்ணே? தெரியாத விஷயத்துல எதுக்குக் கைய வைக்கிறீங்க?”

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணன் தன் கையைப் பார்த்தார். விரல்களில் எண்ணெய் இருந்தது.

“தெரியாம பண்ணிட்டேன் பாப்பா” என்றார்.

கலந்த எண்ணெயோடு ஓட்டினால் என்ஜின் கெட்டுவிடும் என்று நான் காரைக் கிளப்பவே இல்லை. தஞ்சாவூரில் உள்ள ஒர்க்‌ஷாப்புக்கு போன் செய்து, வண்டியை ஏற்றிப்போக ஒரு லாரியை வரவழைத்தேன். தெருவே நின்று பார்க்க, என் கார் லாரியில் ஏறிப் போயிற்று. நான் பஸ்ஸுக்கு நடந்தேன். அண்ணன் என் பையையும், எனக்கென்று கட்டி வைத்திருந்த புது அரிசியையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். பஸ் வரும்வரை நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பையைக் கொடுக்கும் முன் வேட்டியில் கையை இரண்டு முறை துடைத்துக்கொண்டார். என் பையில் கறை பட்டுவிடுமாம்.

இரண்டு நாள் கழித்து ஒர்க்‌ஷாப்பில் என்னைக் கூப்பிட்டார்கள். வயதான மெக்கானிக் ஒருவர் வடித்த எண்ணெயை ஒரு தட்டில் காட்டினார். என்ஜின் மூட்டை அடைக்கும் கேஸ்கெட் பக்கம் எண்ணெய் பல மாதமாகக் கசிந்திருக்கிறதாம். இதில் புது எண்ணெய் ஊற்றியது யார் என்று கேட்டார். “ஊர்ல ஒருத்தர்” என்றேன். கூடப் பிறந்த அண்ணனை ‘ஒருத்தர்’ என்று சொன்ன வாய் இது.

“அவருக்கு ஒரு நன்றி சொல்லிருங்க மேடம். உள்ள இருந்த எண்ணெய நம்பிக் கெளம்பியிருந்தீங்கன்னா பாதி வழியிலயே என்ஜின் ஜாம் ஆயிருக்கும்.”

மினரல் கலந்துவிட்டதே என்று இழுத்தேன். அவசரத்துக்கு அரை லிட்டர் கலப்பதால் என்ஜின் செத்துவிடாது, பிறகு மொத்தமாக வடித்து மாற்றிக்கொண்டால் போதும், எண்ணெய் இல்லாமல் ஓடினால்தான் செத்துவிடும் என்றார். அத்தனை மாதமும் டாஷ்போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டியவள் நான். எண்ணெய் இல்லாததைக் கண்டுபிடித்தவர் அண்ணன்.

அன்றைக்கே போன் செய்து அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். போனும் செய்தேன். மழை, களத்தில் கிடக்கும் நெல், பேத்தியின் காதுப் புண் எல்லாவற்றையும் பற்றிப் பேசினேன். காரைப் பற்றி மட்டும் வாய் வரவில்லை. இதை நேரில் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வெட்கம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேசினோம். அவரும் காரைப் பற்றிக் கேட்கவே இல்லை. சரி, மறந்துவிட்டார் போல என்று நிம்மதியானேன்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் நட்ட பயிர் மூழ்கிவிட்டது. தண்ணீரை வெளியே இறைக்க அண்ணன் அந்த டீசல் என்ஜினோடு வயலில் நின்றிருக்கிறார். அங்கேயே நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. நான் என் காரில்தான் சாவுக்குப் போனேன். வழியில் அது ஒரு இடத்திலும் மக்கர் செய்யவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது அண்ணி காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பானட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

“இது அதே வண்டிதானா? நல்லா ஓடுதா?”

ஓடுகிறது என்றேன்.

“அந்த எண்ணெயால ஒன் வண்டி கெட்டுப்போச்சான்னு கேட்டுச் சொல்லச் சொல்லி என்னைய அரிச்செடுத்தாரு. ஒங்கிட்ட கேக்க அவருக்குப் பயம். எனக்கு ஒம்மேல கோவம், நான் கேக்கல. கெட்டுப்போச்சுன்னு நெனச்சிக்கிட்டேதான் போயி சேந்தாரு.”

நடுத்தெருவில் காரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணி என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. கூடவே நின்றார்.

இப்போதும் அதே கார்தான், அதே சிந்தெடிக் ஆயில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டைத் திறந்து, கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அளவு பார்க்கிறேன். விரலில் எண்ணெய் பட்டால் உடனே துடைக்க மனம் வருவதில்லை. “வண்டி நல்லாத்தான் ஓடுது அண்ணே, நீங்கதான் காப்பாத்துனீங்க” என்று சொல்ல எனக்கு முழுதாக ஒன்பது மாதம் இருந்தது. அவர் உயிரோடிருந்த அந்த ஒன்பது மாதத்தை நான் வெட்கத்துக்குக் கொடுத்துவிட்டேன்.