லட்டுக்கு மேலே ஒரு வரி

தினசரிப் பத்திரிகையில் விபத்துக்கு நிருபர் உண்டு, பட்ஜெட்டுக்கு நிருபர் உண்டு. நம்பிக்கைக்கு மட்டும் நிருபர் கிடையாது, அதை யாராவது நாற்காலியில் உட்கார்ந்து தயாரிக்க வேண்டும்.

தில்லியில் அந்த யாராவது பல வருடங்கள் நான்தான். சென்னைப் பத்திரிகை ஒன்றின் தில்லி அலுவலகம் அது. செல்போன் எல்லோர் கைக்கும் வராத காலம். தினமும் நாலு பக்க இணைப்பு ஒன்றை இங்கேயே அச்சிட்டுச் சேர்ப்போம். அதன் முதல் பக்கத்து வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பெயர், ‘இன்றைக்கு இது போதும்’. உள்ளே ஒரே ஒரு வரி. இமயத்தை எட்டு, வானத்தை முட்டு என்றெல்லாம் நான் எழுதுவதில்லை. ‘பால் வராத நாளில் கடுங்காப்பியும் காப்பிதான்’ என்ற ரகம்.

காலண்டர் தாளுக்கோ, பள்ளிக்கூடக் கரும்பலகைக்கோ, சங்கத்து மலருக்கோ தினம் ஒரு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்தவர்கள் இதைப் படித்தால், நாம் ஒரே வார்டு நோயாளிகள். தலைவலியோடு வந்து உட்கார்ந்து ‘புன்னகையோடு தொடங்குங்கள்’ என்று எழுதியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

யார் சொன்னது?

தில்லி அரசு அலுவலகங்களில் ஒரு பழக்கம் உண்டு. வாசலில் ஒரு போர்டு இருக்கும். அதில் தினமும் ‘இன்றைய சிந்தனை’ என்று ஒன்றை எழுதி, அடியில் ஒரு மகானின் பெயரைப் போடுவார்கள். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்த பட்டாபிராமன் மத்திய அரசில் செக்ஷன் ஆபீசர். அவருடைய பிரிவில் போர்டு அவர் பொறுப்பு. என் வரியை இந்தியில் மாற்றித் தினமும் சாக்பீஸால் எழுதிவந்தார். ஒரு நாள் போன் செய்து, “இது யார் சொன்னதும்மா?” என்று கேட்டார். “நான்தான் சார்” என்றேன். “நீங்க சொன்னதுன்னா எங்க டைரக்டர் மதிக்க மாட்டாரே. கிரீஸ்ல யாராவது சொல்லியிருக்காளான்னு பாருங்கோளேன்.”

பார்க்க மாட்டேன் என்றேன். கடுங்காப்பியைப் பற்றி கிரேக்கர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொன்னேன். அவர் யோசித்துத் தானே ஒரு வழி கண்டுபிடித்தார்.

“சரி, ‘ஒரு தென்னிந்திய ஞானி’ன்னு போட்டுடறேன். நீங்க மறுப்பு வெளியிடாம இருந்தாப் போதும்.”

மூடிய டப்பா

அக்டோபர் வந்தால் தில்லிக்கே ஒரு நல்ல குணம் வந்துவிடும். மின்விசிறியை ஒரு புள்ளி குறைக்கலாம். பள்ளிக்கூடங்களுக்குத் தசரா விடுமுறை. மைதானங்களில் மூங்கிலும் காகிதமுமாக ராவணன் எழும்பிக்கொண்டிருப்பான். எங்கள் விளம்பர மேலாளர் ரகோத்தமனுக்கு மட்டும் அது அறுவடைக் காலம். அந்த வருடம் நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு கையில் லட்டு டப்பாவோடு என் மேஜைக்கு வந்தார். நல்ல செய்தி கொண்டுவருகிறவர் டப்பாவைத் திறந்து நீட்டுவார். இவர் மூடியே வைத்திருந்தார்.

கரோல் பாகில் மிட்டாய்க் கடை வைத்திருக்கும் லாலாஜி ஒருவர் என் கட்டம் இருக்கும் மூலையையே கேட்கிறாராம். கொலு முதல் நாளிலிருந்து தீபாவளி வரை அங்கே அவர் விளம்பரம்தான். அதற்குப் பிறகு? “யாராவது வாசகர்கள் கேட்டா திரும்பப் போடலாம். கேக்கலைன்னா அப்படியே நிறுத்திடலாம். ஆசிரியர்கிட்ட பேசியாச்சு” என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஊருக்கு ரயில் டிக்கெட் கிடைக்காதவர்களும், விடுமுறை முழுக்கப் பிள்ளைகளை மேய்க்கிறவர்களும், விருந்தாளிக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்திருப்பவர்களும் இந்த மாதத்தில்தான் அந்த வரியைத் தேடுவார்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“மேடம், லட்டைப் பார்த்தாலே ஊக்கம் வந்துடும். அதுக்கு மேல எதுக்கு எழுத்து?”

லேசான குளிர்

கட்டத்தைத்தான் எடுத்தார்கள்; எழுதாதே என்று யாரும் சொல்லவில்லை. அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். இணைப்பில் வானிலை அறிக்கையும் என் வேலைதான். யாரும் சரிபார்க்காத பகுதி அது. பக்கம் அமைக்கும் செல்வம் மதுரைக்காரர். “வானிலைக்கு இன்னும் ரெண்டு வரி இடம் வேணும்” என்றேன். ஏன் என்று கேட்காமல் இடம் விட்டார்.

முதல் நாள் இப்படி வந்தது: ‘வானம் தெளிவாக இருக்கும். மாலையில் லேசான குளிர். பெட்டியிலிருந்து ஸ்வெட்டரை எடுங்கள். அதன் பையில் போன வருடத்து வேர்க்கடலைத் தோல் இருக்கும். அதைக் கொறித்தபோது இருந்த கவலை இப்போது நினைவிருக்கிறதா?’ காலையிலேயே பட்டாபிராமன் கூப்பிட்டார். போர்டை வெறுமையாக விட மனமில்லாமல் பேப்பரை வரி விடாமல் தேடியிருக்கிறார்.

“கண்டுபிடிச்சுட்டேன், போர்டிலும் எழுதியாச்சு. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்கோ, இன்னிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கணுமா, வேண்டாமா?”

கொலுவில் டிராஃபிக் ஜாம்

துவாரகாவில் என் தோழி வசந்தா வீட்டில் கொலு. அவள் மகள் நிவி தில்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. விடுமுறையாயிற்றே என்று படிகளுக்குக் கீழே பூங்கா அமைக்கும் வேலையை அவளிடம் விட்டிருந்தார்கள். அவள் தெப்பக்குளமும் மலையும் செய்யவில்லை. ஒரு நாற்சந்தி செய்திருந்தாள். பொம்மை பஸ், ஆட்டோ, நடுவில் ஒரு பசு, அதன் பின்னால் கல்யாண ஊர்வலப் பொம்மைகள் அத்தனையும் மாட்டிக்கொண்டு நின்றன. ஓரத்தில் தீக்குச்சியால் ஒரு ராவணன்.

வெற்றிலை பாக்கு வாங்க வந்த ஒரு மாமி, “கொலுவில இதெல்லாம் வைக்கலாமாடீ?” என்று வசந்தாவைக் கேட்டார். பதில் மகளிடமிருந்து வந்தது. “மாமி, தசரா டைம்ல பெருமாளே வந்தாலும் ஜாம்லதான் நிப்பார்.” நான் சுண்டலை விட்டுவிட்டுச் சிரித்தேன். கட்டத்தைக் காணோமே, இனிமேல் வராதா என்று வசந்தா கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். ரகோத்தமனிடம் போன் செய்து கேள் என்றும் சொன்னேன். “நான் ஒருத்தி கேட்டாப் போதுமா?” என்றாள். அதற்குள் நிவி என் புடவையை இழுத்தாள். வானிலை அறிக்கையை அம்மா அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

“ஆன்ட்டி, அப்பா ஸ்வெட்டர்ல சச்முச், நிஜமாவே கடலை இருந்தது. தோல் இல்ல, முழுக் கடலை. அப்பா தின்னுட்டார்.”

பத்துத் தலை

வானிலையில் தொடங்கியது, ரயில் தாமதம், தண்ணீர் லாரி வரும் நேரம் என்று பரவியது. விஜயதசமியன்று மைதானங்களைச் சுற்றி எந்தெந்தச் சாலை மூடப்படும் என்று ஒரு போக்குவரத்து அறிவிப்பு. அறிவிப்பைத் தொடவில்லை. அதன் அடியில் தனியாக ஒன்று சேர்த்தேன்: ‘ராவணன் எரிவதற்குள் போய்ச் சேர முடியாதவர்கள் வருந்த வேண்டாம், பத்துத் தலை இருந்தவனுக்கே நேரத்துக்கு ஒரு யோசனை வரவில்லை.’

ரகோத்தமன் அதைப் பார்த்துவிட்டார். பேப்பரை என் மேஜையில் விரித்து, இத்தனை நாளும் நான் எங்கெங்கே ஒளித்தேன் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். பாதியைத்தான் கண்டுபிடித்திருந்தார். “இன்னொரு தடவை இப்படிப் பண்ணினா உங்களை இரங்கல் விளம்பரப் பகுதிக்கு மாத்தச் சொல்லிடுவேன். ஆசிரியர் மாட்டேன்னு சொல்ல மாட்டார்” என்றார். அது வெறும் மிரட்டல் இல்லை. அங்கே போனவர்கள் திரும்பியதில்லை. ஆனாலும் “மாத்துங்க சார். நாளைக்கும் எழுதுவேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் போனதும் செல்வம் தலையைத் தூக்காமல் சொன்னார்.

“மேடம், அங்கிட்டு மட்டும் போயிராதீங்க. செத்தவனுக்கும் நம்பிக்கை குடுத்து எழுப்பி விட்ருவீங்க.”

விடியற்காலைக் கடை

தில்லித் தமிழர்களின் நிரந்தரச் சிக்கல் தீபாவளி. நமக்கு அது நரக சதுர்த்தசி விடியற்காலை: எண்ணெய்க் குளியல், லேகியம், புதுத்துணி. தில்லிக்கு அது பெரும்பாலும் மறுநாள் மாலை: லட்சுமி பூஜையும் விளக்கும். நம் தீபாவளியன்று நாம் இருட்டில் பட்டாசு வெடித்துப் பக்கத்து வீட்டாரிடம் திட்டு வாங்கிவிட்டு ஆபீஸ் போவோம். அவர்கள் தீபாவளிக்கு விடுமுறையில் படுத்து, முந்தின நாள் பட்சணத்தைச் செரித்துக்கொண்டிருப்போம்.

ரகோத்தமன் லாலாஜிக்கு ஒரு பெரிய யோசனை சொல்லியிருந்தார். மதராசிகள் தீபாவளியன்று விடிவதற்கு முன்பே குளித்துவிடுவார்கள், அந்த நேரத்தில் கடை திறந்திருந்தால் அள்ளிக்கொண்டு போவார்கள். அரைப் பக்க விளம்பரம் தயாரானது. காலண்டரில் சிவப்பு மையில் தீபாவளி என்று போட்டிருந்த தேதியைப் பார்த்து அதையும் குறித்துவிட்டார். அது தில்லியின் தீபாவளி. “சார், நமக்கு ஒரு நாள் முன்னாடியே ஆயிடுமே” என்றேன். “நீங்க உங்க வானிலையைப் பாருங்க” என்றார். அதற்கு முந்தின நாள், நம் தீபாவளியன்று காலை அவரே தலையில் நல்லெண்ணெய் வாசனையோடும் புதுச் சட்டைக் காலரில் மஞ்சளோடும் ஆபீஸ் வந்தார். அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை. விளம்பரம் அன்றைய பேப்பரிலேயே வந்திருந்தது. மறுநாள் லாலாஜி விடியற்காலை விளக்கு போட்டுக் கடையைத் திறந்து, மைசூர்பாகை அடுக்கிவைத்துக் காத்திருந்தார். என்ன நடந்தது என்று பண்டிகை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்ததும் நேரில் வந்து அவரே சொன்னார். இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“ரகோத்தமன்ஜி, பொழுது விடியறவரைக்கும் கடையில நானும் ஒரு நாயும்தான். நாய்கூட எதுவும் வாங்கலை.”

எங்க வரி எங்கே?

ரகோத்தமன் நாற்காலியை இழுத்துப்போட்டார், டீ சொன்னார், மன்னிப்புக் கேட்டார். என் கட்டத்தின் கதை அன்றோடு முடியும் என்று எனக்குத் தெரியும். தீபாவளி வரை என்பது தாண்டிவிட்டது. ‘யாராவது கேட்டால்’ என்ற நிபந்தனைப்படி ஆபீசுக்கு வந்திருந்த போன்கள் குறைவு. வசந்தா ஒன்று, இன்னும் இரண்டு மூன்று. அதை அவர் ஏற்கெனவே என்னிடம் சொல்லியும்விட்டார். ஆனால் லாலாஜி டீயைத் தள்ளிவைத்தார். “நான் நாய்க்காக வரலை. என் இடத்துல முன்னாடி என்ன இருந்தது? அதை முதல்ல சொல்லுங்க.”

விஷயம் இதுதான். எங்கள் வாசகர்கள் ஆபீசுக்குப் போன் செய்யவில்லை. நேராகக் கடைக்குப் போய்விட்டார்கள். நவராத்திரி தொடங்கியதிலிருந்து மிட்டாய் வாங்க வருகிற மதராசிகள் எல்லோரும் கல்லா அருகில் நின்று, எங்கள் வரியைத் தின்றது நீங்கள்தானே என்று கேட்டிருக்கிறார்கள். “கோல் மார்க்கெட்லேர்ந்து சர்க்கார் ஆபீசர் ஒருத்தர். மூணு தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் சாம்பிள் சாப்பிட்டுட்டு, என்னைத் திட்டிட்டுப் போயிட்டார்” என்றார் லாலாஜி. தன் விளம்பரத்தில் ஏதோ அவமரியாதையாக அச்சாகிவிட்டது என்று அவர் பயந்துபோயிருக்கிறார். நான் முன்னால் வந்து, அங்கே இருந்தது ஒரே ஒரு வரிதான் என்றேன். கடுங்காப்பி வரியை இந்தியில் சொன்னேன். சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார். பிறகு தன் தீர்ப்பைச் சொன்னார். அந்த இடம் வருடம் முழுக்க அவருக்கு வேண்டும். ஆனால் மேல்பாதியில் என் வரி, கீழ்ப்பாதியில் அவர் லட்டு.

ரகோத்தமன் முகத்தில் நிஜமான தீபாவளி வந்தது. அதோடு விட்டிருக்கலாம். லாலாஜி எழுந்திருக்கும்போது, “வரியில வாரத்துக்கு ஒரு தடவை நம்ம மிட்டாய் பேரும் வரட்டும், பெஹன்ஜி” என்று என்னைச் சகோதரியாக்கிக் கேட்டார். “வராது” என்றேன். ரகோத்தமன் என்னைப் பார்த்த பார்வையில் இரங்கல் விளம்பரப் பகுதி முழுசாகத் தெரிந்தது. “மேடம், ஒரு வார்த்தைதானே” என்று தமிழில் கெஞ்சினார். ஒரு வார்த்தை போட்டால் அதுவும் விளம்பரம், பிறகு பட்டாபிராமன் அதைப் போர்டில் எழுத மாட்டார் என்று அவரிடம் தமிழில் சொன்னேன். லாலாஜியிடம் இந்தியில், “நாளைக்கு உங்கள் லட்டுக்கு மேலே வரப்போகும் வரி இது. பிடிக்கவில்லை என்றால் இடத்தை வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வானிலை போதும்” என்று சொல்லிவிட்டுப் படித்தேன்: ‘பண்டிகை முடிந்தும் டப்பாவில் மிச்சமிருக்கும் இனிப்பைப் பார்த்து வருந்தாதீர்கள், தீர்ந்துபோக மறுப்பதும் ஒரு வீரம்தான்.’

பழைய மிட்டாயைப் பற்றி ஒரு மிட்டாய்க்காரரிடமே சொல்கிறாரே என்று செல்வம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். லாலாஜி வாசல்வரை போய் நின்றார்.

“போடுங்க, பெஹன்ஜி. என் கடையிலயே இன்னும் மூணு தட்டு வீரம் இருக்கு.”

ஊருக்கெல்லாம் ஊக்கம் எழுதுகிறவளுக்கு யாரும் ஊக்கம் எழுதித் தருவதில்லை என்பதால், நான் கடைசிவரை கோபத்தை வைத்தே அந்த வேலையை நடத்தினேன்.