தழும்பு இருந்த பக்கம்

கடலூர் முதுநகரில் அத்தை வீட்டுக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் மச்சானின் படம். எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது. நீலச் சட்டை, பாக்கெட்டில் பேனா, வலது புருவத்தைக் குறுக்கே வெட்டும் பழைய தழும்பு. பேனா வைக்கும் பழக்கமே அவனுக்குக் கிடையாது, அது போகட்டும். அந்தத் தழும்பைத்தான் என்னால் பார்க்க முடிவதில்லை.

மச்சான் அத்தைக்கு ஒரே பிள்ளை. குறிஞ்சிப்பாடி சாலையில் லாரி மோதிப் போய்விட்டான். காரியத்தன்று படத்திறப்புக்கு நல்ல படமாகக் கிடைக்கவில்லை. அவன் போனில் தானே எடுத்துவைத்திருந்த செல்ஃபி ஒன்று இருந்தது. கழுத்துவரைதான், ஆனால் முகம் பளிச்சென்று இருந்தது. கண்ணீர் அஞ்சலி பேனரில் அதையே ஆளுயரத்துக்குப் போட்டோம். எல்லோரும் அதைப் பார்த்து அழுதபோது அத்தை மட்டும், "தழும்பு இந்தப் பக்கம் இல்லியே" என்றாள். துக்கத்தில் குழம்புகிறாள் என்று விட்டுவிட்டோம்.

முதல் வருஷத் திதிக்குப் படம் வரையச் சொல்லி, சிதம்பரத்து ஓவியர் ஒருவரிடம் அந்த செல்ஃபியைக் கொடுத்திருந்தோம். வாங்கிவர அத்தையோடு நானும் போனேன். படத்தைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது. நாலு வயதில் அவன் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் விழுந்ததையும், காப்பித்தூளை வைத்து அழுத்தித் தூக்கிக்கொண்டு ஓடியதையும் சொல்லி, தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினாள். "இந்தத் தோளெல்லாம் ரத்தம். அடிபட்டது எடது புருவம். மாத்திப் போட்டுக் குடுங்க."

"போட்டோவுல இருக்கறததாம்மா வரைய முடியும்."

"பாக்காத பாக்கெட்டயும் பேனாவையும் நீங்களா போட்டிருக்கீங்க. பெத்தவ சொல்றேன், தழும்ப மாத்த மாட்டீங்களா? எம் புள்ளைய எனக்குத் தெரியாதா?"

"கழுத்துக்குக் கீழ எப்படி வேணாலும் போடலாம்மா. மொகத்துல கை வெச்சா அவுரு மாதிரியே இல்லன்னு நீங்களே சொல்லுவீங்க."

வீட்டில் மாமாவும் அதையேதான் சொன்னார். "போட்டோ பொய் சொல்லுமாடி?" அத்தை பூ எடுத்துவரப் போனாள். சாட்சிக்குத் தாய் உயிரோடு நிற்கும்போதே நாம் படத்தைத்தான் கேட்கிறோம். ஓவியரும் அதைத்தான் கேட்டார். கோயில் கோபுரத்தில் சுதைச் சிற்பம் செய்கிறவர்கூட இப்போது போனைப் பார்த்துத்தான் முகம் பிடிக்கிறார். பத்து வருஷமாக அத்தை தினமும் அந்தப் படத்துக்குப் பூ வைத்தாள்.

போன மாதம் கிள்ளையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் மச்சான் சிரித்துக்கொண்டு நின்றான். தழும்பு இடது புருவத்தில். அவன் செல்ஃபி எடுத்த போன் கண்ணாடியைப் போல முகத்தை இடவலம் மாற்றிப் பதித்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தை சொன்னதுதான் சரி. அதை அவளிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று அந்தப் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு நேரே முதுநகருக்குப் போனேன்.

அத்தை போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். போனை என்னிடமே நீட்டினாள்.

"இது யாரோ திருப்பிப் போட்டிருக்காங்க தம்பி."

"இல்ல அத்த, நீங்க அன்னிக்கு சொன்னதுதான் சரி" என்று ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்து, வலது புருவத்தை விரலால் தடவினாள்.

"தொட்டியில விழுந்தப்ப நாந்தான தூக்கிக்கினு ஓடனேன்? இந்தத் தோளெல்லாம் ரத்தம்" என்று இந்த முறை தன் இடது தோளைத் தொட்டாள். "எம் புள்ளைய எனக்குத் தெரியாதா?"